எட்டு இருபது

இருபத்தைந்து நிமிடம், ஆறு பாட்டு.
இடையில் மரிசோல் பேச ஒன்றரை நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம்.
அவள் நாலு நிமிடம் பேசுவாள்,
ஆறாவது பாட்டு அடிபடும் என்று
நெவில் இப்போதே சொல்லிவிட்டான்.
சம்பளம், ஆளுக்கு இரண்டு குடிச்சீட்டு,
எல்லாருக்குமாக ஒரு தட்டுப் பொரித்த கிழங்கு.

பகல் முழுக்கப் பல் வைத்தியரின் முன்மேசையில் இருக்கிறேன்.
"அடுத்த முறை எப்ப வசதி?" என்று கேட்கிற வாய்க்குள்
ஒன்று இரண்டு மூன்று நாலு.
காதுக்கும் தோளுக்கும் நடுவே தொலைபேசி,
மேசைக்குக் கீழே
துடையில் விரல்கள் நடக்கின்றன.
வேர்ச்சிகிச்சைக்கு வந்த ஒருவர்
என்னைப் பார்த்து, "பயமா இருக்கா?" என்றார்.
ஊசி அவருக்குத்தான்.

என்னுடையது நாலே தந்தி.
பார்க்கிறவர்கள் கிற்றார் என்பார்கள்.
கேட்கிறவர்களுக்குக் கேட்காது.
நிறுத்தினால் மட்டும்
குசினியில் பிரிட்ஜ் ஓய்ந்ததுபோல
ஏதோ குறையுதே என்று திரும்புவார்கள்.

நாலாவது பாட்டில்தான் எனக்குச் சனி.
நடுவில் இரண்டு சுற்று, எல்லாரும் நிற்க வேண்டும்.
மரிசோலின் குரல் மட்டும் தனியே நடந்து
அந்தப் பக்கம் ஏறும்.
நான் கையைத் தந்தியில் படுக்கவைத்துச் சும்மா இருக்க வேண்டும்.
அவ்வளவுதான்.
நெவிலின் கராஜில், பனிக்கால ரயர்களுக்கும்
எரிவாயு அடுப்புக்கும் நடுவே
ஒவ்வொரு முறையும் ஒரு சுரம் என்னிடமிருந்து விழுந்தது.
வாய்க்கு வந்த சொல்லை விழுங்கத் தெரியாத ஆள் நான்,
விரலும் அப்படித்தான் போல.
முதல் தரம் நெவில் சிரித்தான்.
ஏழாம் தரம் குச்சிகளைக் கீழே வைத்து
கம்பளித் தொப்பியைக் கழற்றி
மறுபடி போட்டுக்கொண்டான்.
திட்டியிருக்கலாம்.
பக்கத்து வீட்டு நாய்க்கே
மூன்றாம் பாட்டு எங்கே முடியும் என்று தெரியும்,
முடிவதற்கு ஒரு அடி முன்னால் குரைக்கும்.

சனிக்கிழமை. மைனஸ் பதினெட்டு.
கட்டிலில் ஐந்து சட்டை கிடக்கிறது,
போட்டிருப்பது வேலைக்குப் போடும் கறுப்பு.
"நான் வரட்டா?" என்கிறான் வாகீசன்.
வேண்டாம் என்றேன்.
செருப்பலுமாரிக்குப் போகும் வழியில், வா என்றேன்.
சப்பாத்து மாட்டும்போது,
வந்தால் பின்னால் நில், என் கண்ணில் படாதே என்றேன்.
பதினாறு வருடப் பழக்கம், மூன்றுக்கும் தலையாட்டினான்.

குளிரில் மரம் சுருங்கும், தந்தி இறங்கும்.
வாத்தியத்தைப் பின்சீற்றில் கிடத்திப்
போர்வை போர்த்தி, பெல்ற்றும் போட்டாயிற்று.
ஹமில்ரன்காரர் மலை என்று வாய்கூசாமல் சொல்லும் மேட்டிலிருந்து
கார் இறங்குகிறது.
கீழே உருக்காலைப் புகை, வளையாமல்
நட்டு வைத்ததுபோல.

பார்ட்டன் தெரு, மெத்தைக் கடைக்குப் பக்கத்தில்.
கதவில் ஒட்டியிருக்கும் தாளில்
எங்கள் பெயரில் ஒரு எழுத்துக் குறைவு.
உள்ளே ஒலிப்பலகைக்குப் பின்னால்
இடக்கன்னம் வீங்கிய ஒரு மனிதர்.
அவரே. வேர்ச்சிகிச்சை.
அவரும் என்னைக் கண்டுபிடித்தார்,
அரை வாயால் சிரித்தார்,
மற்ற அரை இன்னும் மரத்துக் கிடந்தது.

"பேஸ் மட்டும்," என்றார்.
தடித்த தந்தியை ஒரு தரம் இழுத்தேன்.
கராஜில் இப்படி இல்லை.
சத்தம் காதுக்கு வரவில்லை,
குதிக்கால் வழியாக ஏறி முழங்காலில் நின்றது.
மதுக்கடையின் பின்தட்டில்
கிளாசுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.
இன்னொன்று. இன்னொன்று.
அவர் உள்ளங்கையை உயர்த்தினார்,
போதும்.

கையைப் படுக்கவைத்தேன்.
யாரோ நாற்காலி இழுத்தார்கள்.
வாளியில் ஐஸ் ஒன்று சரிந்தது.
கை இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது, ஆனால் அசையவில்லை.
நெவில் ட்றம்ஸுக்குப் பின்னால் இருந்து
உதட்டால் எண்ணியதைப் பார்த்தேன்,
எட்டு வரைக்கும்.

இது நாலாவது பாட்டில்லை, தெரியும்.

மணி எட்டேகால்.
பையில் போன் அதிர்கிறது, வாகீசன்.
கார் விட இடமில்லையாம்,
மூன்றாவது சுற்றாம்,
"தொடங்கிட்டியா?"